ஆபீஸ் கழிவு வொர்க்ஸ்டேஷன்ல தண்ணி பிரிக்கிற கணக்கு: ஒரு வருஷம் ஓட்டிப் பாத்து எழுதுறேன்

போன ஆடியில வாங்குனது. சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயம், டவுன்ல பாதி ரோட்டை அடைச்சு வச்சிருந்தாங்க, ஆட்டோக்காரர் சுத்து சுத்துன்னு சுத்தி ஒரு சந்துல இறக்கி விட்டுட்டு சுத்துனதுக்கும் சேத்து காசு வாங்கிட்டுப் போனாரு, அதனால தேதி மறக்கவே மாட்டேன். இந்த ஆடியோட சரியா ஒரு வருஷம். ரெண்டு பேரு மெசேஜ் பண்ணி "அக்கா அந்த மெஷின் எப்படி இருக்கு, வாங்கலாமா"ன்னு கேட்டுட்டாங்க, தனித்தனியா டைப் பண்றதுக்கு மொத்தமா இங்க எழுதிடறேன்.

சாமான் இது தான். ஏதோ ஆபீஸ்ல கழிச்சு விட்ட டவர் வொர்க்ஸ்டேஷன். உள்ள ரெண்டு ஜியான் ப்ராசஸர், இ5-2680 வி4, ஒண்ணுக்கு 14 கோர், மொத்தம் 28. 2016ல வந்த சிப்பு, வயசாச்சு தான், ஆனா கணக்குப் போட வயசு ஒரு குறை இல்ல. ரேம் 64 ஜிபி, ஒரு டிபி எஸ்எஸ்டி, மானிட்டர் கிடையாது. 52,000 ரூபா. பேரம் பேசி ஆயிரம் குறைச்சேன், அந்த ஆயிரத்துக்கு ஒரு கீபோர்டை என் தலையில கட்டிட்டாரு. வாரண்டி ஆறு மாசம், அதுவும் பில்லுக்குப் பின்னாடி பேனால எழுதிக் குடுத்தது. கடை பேரு போடல, ஏன்னு கீழ படிச்சா புரியும். இன்னொண்ணு, இப்ப ரேம் விலை எகிறிக் கிடக்கு, என் விலையை எடுத்துட்டுப் போயி எந்தக் கடையிலயும் சண்டை போடாதீங்க.

நான் ஒரு காலேஜ்ல கெமிஸ்ட்ரி கெஸ்ட் லெக்சரர், பார்ட் டைம்ல பிஎச்டி. காலேஜ் லேப்ல இருக்குற கம்ப்யூட்டர்ல எக்செல் தொறந்தாலே ஃபேன் அழுகும். அதான் சொந்தக் காசுல இறங்கிட்டேன்.

கடை மாடில. படி ஏறுனதும் கடைக்கார அண்ணன் ஒரு கேமிங் பெட்டியைத் தான் முதல்ல காட்டுனாரு. கண்ணாடிக் கதவு, உள்ள கலர் கலரா லைட்டு போட்டு ஃபேன் சுத்துது, கல்யாண மண்டப வாசல் மாதிரி. "இதுல கிராபிக்ஸ் கார்டு இருக்குங்க மேடம், எந்தக் கணக்கா இருந்தாலும் பறக்கும்." நான் சொன்னேன், "எனக்கு டபுள் ப்ரிசிஷன் வேணுங்ணா, அதாவது நிறைய இலக்கம் வரைக்கும் துல்லியமா போடுற கணக்கு, இந்த மாதிரி கேமிங் கார்டுல அது மட்டும் அறுபத்தி நாலுல ஒரு பங்கு வேகத்துல தான் ஓடும்." அவரு ஒரு நிமிஷம் என்னையே பாத்துட்டு, "அப்ப உங்களுக்கு ஆபீஸ் கழிவு தான் சரி, உள்ள வாங்க"ன்னுட்டாரு. அதுவரைக்கும் மேடம், அதுக்கப்புறம் டீச்சரம்மா. இது அவருக்கு நான் குடுக்குற முதல் பிளஸ், தெரியாததை தெரிஞ்ச மாதிரி இழுக்கல.

"அப்படி என்னங்க டீச்சரம்மா கணக்கு, இருபத்தெட்டு கோர் வேணுங்கறீங்க?"

"தண்ணியைப் பிரிக்கிறதுக்குங்ணா. வெயிலை வச்சே ஹைட்ரஜன் வேற ஆக்சிஜன் வேறன்னு."

"எங்க தெருவுல மேட்டூர் தண்ணியே நாலு நாளைக்கு ஒருக்கா தான் வருது, அதையும் பிரிக்கப் போறீங்களா?"

கடையில இருந்த பசங்க எல்லாம் சிரிச்சாங்க, எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. தண்ணி அதிகம் வேண்டாம்ங்ணா, ஒன்பது லிட்டர்ல ஒரு கிலோ ஹைட்ரஜன், எட்டு கிலோ ஆக்சிஜன், ஒரு குடம் கூட முழுசா ஆகாதுன்னு சொன்னேன். "அப்ப வீட்டுக்கு ஒண்ணு போட்டுரலாமே?" அங்க தான் சிக்கல். தண்ணியில வெளிச்சத்தைப் பிடிக்கிற ஒரு தூளை வச்சு வெயில்ல நேரடியா பிரிக்கிறதுல, விழுற வெயிலோட சக்தியில நூத்துக்கு ஒண்ணு தேறுனாலே இன்னிக்கு பெரிய விஷயம். ஜப்பான்ல கசுனாரி டோமென் குழு 2021ல 100 சதுர மீட்டருக்கு பேனல் பரப்பி காட்டுனாங்க, அதுவே அதிகபட்சம் 0.76 சதவீதம். நம்ம ஊர் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு அஞ்சு யூனிட்டுன்னு வச்சுகிட்டு, ஒரு சதவீதம் தேறுதுன்னு வச்சுகிட்டு, தினம் ஒரு கிலோ ஹைட்ரஜன் வேணும்னா கிட்டத்தட்ட 650 சதுர மீட்டர் பரப்பணும். அண்ணன் கேட்டாரு, "எத்தனை சென்ட்டு வருது?" ஃபோன்ல போட்டுப் பாத்து பதினாறுன்னேன். "சேலத்துல பதினாறு சென்ட்டு இருந்தா நான் எதுக்கும்மா கடை வச்சிருக்கேன்" அப்படின்னு பில்லு போட ஆரம்பிச்சாரு.

இனி மெஷின். என் வேலை என்னன்னு சொல்லாம இது நல்லாருக்கு நல்லால்லன்னு சொன்னா அர்த்தமே இல்ல, வீடியோ எடிட்டிங் பண்றவங்களுக்கு நான் சொல்றது எதுவும் பொருந்தாது.

1972ல ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு எலக்ட்ரோடை தண்ணில வச்சு வெளிச்சம் அடிச்சு பிரிச்சுக் காட்டுனதுல இருந்து இந்தத் துறையே ஆரம்பம். வெள்ளை பெயின்ட்ல போடுவாங்களே அதே சாமான். அது அல்ட்ரா வயலட்டை மட்டும் தான் தின்னும், சூரிய வெளிச்சத்துல அது நூத்துக்கு நாலோ அஞ்சோ தான். சேலத்துல வெயில் மண்டையைப் பொளக்குது, அதுல தொண்ணூத்தஞ்சு பங்கு சும்மா போகுதுன்னா வயிறு எரியுமா எரியாதா. 2009ல ஷின்சென் வாங், அன்டோனியெட்டி குழு கார்பன் நைட்ரைடுங்கற ஒரு பாலிமரை (ஒரே துண்டு திரும்பத் திரும்ப கோர்த்து வர்ற பொருள்) வச்சு கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்துலயே ஹைட்ரஜன் எடுத்தாங்க. மஞ்சப் பொடி, உலோகமே கிடையாது. மெலமைனையோ யூரியாவையோ 550 டிகிரி பக்கத்துல மூடி வச்சு சுட்டா வந்துரும், வயலுக்கு மூட்டையில வாங்கிப் போடுறோமே அந்த யூரியா தான். அதுல இருந்து இந்த மாதிரி ஷீட்டு ஷீட்டா விரியுற ரெண்டு பரிமாண பாலிமர்கள் பின்னாடி எல்லாரும் ஓட ஆரம்பிச்சாங்க. எந்தத் துண்டை எதோட கோர்த்தா வெளிச்சத்தையும் பிடிக்கும், தண்ணியையும் பிரிக்கும்னு அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்குறது தான் என் பொழப்பு.

எங்க அப்பா அம்மாப்பேட்டைல பட்டு வேட்டி நெய்யறவரு. முதல் நாள் ராத்திரி ஸ்க்ரீன்ல தேன்கூடு மாதிரி விரிஞ்சு கிடந்த ஷீட்டைப் பாத்துட்டு, "இது ரிப்பீட்டு தானே கண்ணு, ஒரு பூவை மட்டும் அட்டையில அடிச்சா மீதியை தறியில ஜக்கார்டு பாத்துக்கும்"னாரு. யூனிட் செல்லுங்கறதை நான் எம்எஸ்சி ரெண்டாவது வருஷத்துல தான் ஒழுங்கா புரிஞ்சுகிட்டேன், அவரு டீ ஆறுறதுக்குள்ள புரிஞ்சுகிட்டாரு. கார்பன் நைட்ரைடுக்கு அந்த ஒரு பூவுல 14 அணு தான், 6 கார்பன், 8 நைட்ரஜன்.

சாஃப்ட்வேர் குவான்டம் எஸ்பிரெஸ்ஸோ. பேரைப் பாத்து காபி மெஷின்னு நினைச்சுக்காதீங்க, இத்தாலியில ஆரம்பிச்சது, ஃப்ரீ, டிஎஃப்டி கணக்கு போடும். எலக்ட்ரானை ஒவ்வொண்ணா துரத்தாம எங்க எவ்ளோ அடர்த்தியா இருக்குங்கறதை மட்டும் வச்சு எனர்ஜி கண்டுபிடிக்கிற வித்தை, 1964, 65ல வால்டர் கோன் கூட்டாளிகளோட போட்ட அஸ்திவாரம், அதுக்கு 1998ல அவருக்கு கெமிஸ்ட்ரி நோபல். வாஸ்ப்னு இன்னொண்ணு இருக்கு, காசு குடுத்து லைசென்ஸ் வாங்கணும், நம்ம கெஸ்ட் லெக்சரர் சம்பளத்துக்கு அதைப் பத்தி பேசவே வேண்டாம்.

முதல் ஓட்டம் 14 அணு, தட்டை ஷீட்டு, அரை மணி நேரத்துல முடிஞ்சுது. அணு மேல இருக்குற ஃபோர்ஸ் எல்லாம் பூஜ்யம், அதாவது எந்த அணுவும் இனி நகர வேண்டியதில்லைன்னு அர்த்தம். ஆஹா மெஷின் சூப்பர்னு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃப்ரெண்டுக்கு அனுப்புனேன். அவ ஒரே வரி, "ஒரு அணுவை லேசா தட்டி விட்டுப் பாரு"ன்னு. சரின்னு நாலு பூவைச் சேத்து 56 அணுவா வச்சு, அதுல ஒரே ஒரு நைட்ரஜனை மட்டும் 0.1 ஆங்ஸ்ட்ராம் (அணுவை அளக்குற நீள அலகு) மேல தூக்கி விட்டு மறுபடி ஓட்டுனேன். ஷீட்டு தட்டையா நிக்கவே இல்ல, எண்ணெயில போட்ட அப்பளம் நெளியுமே அப்படி நெளிஞ்சு, எனர்ஜியும் இன்னும் கீழ இறங்கிருச்சு. தட்டையா ஆரம்பிச்சா மேல போறதா கீழ போறதான்னு சொல்ல ஆளே இல்ல, சிமெட்ரி ரெண்டையும் அடிச்சு விட்டுரும், மொட்டை மாடி கைப்பிடிச் சுவத்து மேல வச்ச கோலிகுண்டு மாதிரி சும்மா உக்காந்திருக்கும். பூஜ்யம் வந்துருச்சுன்னு நான் குதிச்சதெல்லாம் அந்தக் கோலிகுண்டைப் பாத்துத் தான்.

சரி, இந்த 56 அணு கணக்குல தான் மெஷினோட வண்டவாளமும் வெளிய வந்துச்சு. 28 கோரும் நூறு சதவீதம்னு காட்டுது, ஆனா வேலை நகரவே மாட்டேங்குது. ஒரு கோரை ரெண்டா காட்டுற ஹைப்பர்த்ரெடிங்கை நம்பி 56 ப்ராசஸ் போட்டுட்டேனோன்னு பாத்தேன், இல்ல, 28 தான் போட்டிருக்கேன் (56 போட்டா வேகம் குறையத்தான் செய்யும், போடாதீங்க). ரெண்டு நாள் மண்டை காய்ஞ்சு கடைசில பெட்டியைக் கழட்டிப் பாத்தா, 16 ஜிபி ரேம் குச்சி நாலு, நாலும் ஒரே ப்ராசஸர் பக்கத்துல. அந்தப் பக்கத்து ப்ராசஸருக்கு சொந்தமா ஒரு குச்சி கூட கிடையாது, எல்லாத்துக்கும் இந்தப் பக்கம் வந்து கையேந்தணும். ரெண்டு பந்தி உக்கார வச்சுட்டு பரிமாற ஆளை ஒரு பந்திக்கு மட்டும் விட்ட கதை. இந்தச் சிப்புக்கு ஒண்ணுக்கு நாலு சேனல், அதாவது ரேமுக்குப் போற பாதை, ரெண்டுக்கும் எட்டு, எட்டு குச்சி இருந்தா தான் முழு வேகம். டிஎஃப்டி மாதிரி கணக்குக்கு கோரு எத்தனைங்கறதை விட ரேம்ல இருந்து டேட்டா எவ்ளோ வேகமா வருதுங்கறது தான் பல நேரம் முக்கியம், இது பில்லுல எங்கயும் இருக்காது.

கடைக்குப் போனேன். அண்ணன் சொன்ன பதில் இன்னும் காதுல இருக்கு. "64ன்னு சொன்னேன், 64 காட்டுதுல்லங்க டீச்சரம்மா?" பேச்சு சரி தான், அதுல ஒரு ஓட்டையும் கண்டுபிடிக்க முடியாது. அரை மணி நேரம் பேசுனேன். அவரு அசையல. நல்ல வேளை உள்ள சர்வீஸ் பாக்குற தம்பி ஒருத்தன் எட்டிப் பாத்து "அண்ணா அக்கா சொல்றது கரெக்ட்டு, நாம தான் அவசரத்துல ஒரே சைடு குத்திட்டோம்"னு போட்டு உடைச்சான். அப்புறம் இறங்கி வந்தாரு. இன்னும் நாலு குச்சி போட்டு எட்டாக்கி 128 ஜிபி, குச்சிக்கு காசு வாங்கிட்டாரு, அடக்க விலைக்கே தந்தேன்னு மாரியாத்தா மேல சத்தியம் பண்ணாரு, நம்பல, வாங்கிகிட்டேன். தம்பி தானாவே ரெண்டு ப்ராசஸருக்கும் தெர்மல் பேஸ்ட் மாத்திக் குடுத்தான், பழசு காஞ்ச சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்துச்சு. அதுக்கு காசு வாங்கல. அதே கணக்கு, ஒரு ரவுண்டுக்கு 41 நிமிஷம் எடுத்தது 24 நிமிஷத்துக்கு வந்துச்சு. அந்தத் தம்பி இல்லாத கடைன்னா நான் ஒரு ஸ்டார் தான் குடுத்திருப்பேன்.

அடுத்தது கரண்ட்டு. ஃபுல் லோடுல 350 வாட் பக்கம் இழுக்குது. ராத்திரி பகலா ஓட்டுனா ஒரு நாளைக்கு எட்டு யூனிட்டுக்கு மேல. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்க வந்தவரு கார்டுல எழுதிட்டு "ஏசி போட்டிருக்கீங்களாம்மா"ன்னு கேட்டாரு. 500 யூனிட் தாண்டுனா ரேட்டு வேற மாதிரி ஏறும்னு அப்ப தான் உறைச்சுது. தறி சர்வீஸ்ல மாட்டிக்கலாமேன்னு மாமா ஒரு ஐடியா குடுத்தாரு, அப்பா முகத்தைப் பாத்ததும் அந்தப் பேச்சை அதோட விட்டுட்டோம். தறிக்குக் குடுத்த கரண்ட்டு தறிக்குத் தான்னு ஒரே வார்த்தை.

பங்குனி கடைசில இருந்து சூடு. எங்க வீட்டு மாடி ரூம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மத்தியானம் ரெண்டு மணிக்கு ப்ராசஸர் 94 டிகிரி காட்டுது, அதுக்கு மேல போகாம இருக்க தானாவே வேகத்தைக் குறைச்சுக்குது. ராத்திரி ஓட்டுனா 24 நிமிஷம், பகல்ல ஓட்டுனா 35. நனைச்ச கோணிச்சாக்கு ஜன்னல்ல கட்டிப் பாத்தேன், ஈரம் உள்ள போயிரும்னு பயந்து எடுத்துட்டேன். கடைசில ஏற்காட்டுல இருக்குற அத்தை வீட்டுக்கு கொண்டு போயிரலாம்னு முடிவு. அத்தை வீட்டுல மிளகு கொட்டி வைக்கிற ரூம் ஒண்ணு பாதி வருஷம் காலி.

மாமாவோட ஆம்னில, ரெண்டு கம்பளி சுத்தி, பின் சீட்டுல படுக்க வச்சு நான் பக்கத்துல பிடிச்சுகிட்டு உக்காந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் உள்ள ஏதோ "டக்"குன்னு ஒரு சத்தம், எனக்கு வயித்துக்குள்ள "டக்"கு. மேல போயி மாட்டுனா ஆன் ஆகல. மூணு பீப். அத்தை "நான் அப்பவே சொன்னேன், எலுமிச்சம்பழம் நசுக்கிட்டு கிளம்பியிருக்கணும்"னாங்க. சர்வீஸ் தம்பிக்கு வீடியோ கால் போட்டேன், ஞாயித்துக்கிழமை, எடுத்தான். "அக்கா குச்சியை ஒவ்வொண்ணா உருவி, தங்கக் கலர்ல இருக்குற பல்லை பென்சில் ரப்பர் வச்சு லேசா தேய்ச்சு, ரெண்டு பக்கமும் க்ளிக் சத்தம் கேக்குற வரைக்கும் அமுக்குங்க." எட்டையும் தேய்ச்சேன். ஆறாவது குச்சி தான் வளைவுல கழண்டிருந்திருக்கு. வந்துருச்சு. மலை ஏத்துறவங்க கிராபிக்ஸ் கார்டை மட்டுமாவது கழட்டி தனியா துணில சுத்தி எடுத்துட்டுப் போங்க, அந்த "டக்"கு பாதி அது தான்.

ஏற்காட்டுல பகல்லயே 68 டிகிரி தான் ப்ராசஸர். ஃபேன் சத்தம் பாதியா குறைஞ்சு போச்சு. ஆனா மலை மலை தான், இடி இடிச்சா கரண்ட்டு போகும், போனா எப்ப வரும்னு மலைச்சாமி சேர்வராயனுக்குத் தான் வெளிச்சம். யுபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கும். கணக்கு நடுவுல செத்தா அந்த ரவுண்டு வேஸ்ட்டு. குவான்டம் எஸ்பிரெஸ்ஸோல ஒரு நல்ல விஷயம், ஓடிட்டு இருக்குற ஃபோல்டர்ல கணக்கோட பேருக்குப் பின்னாடி புள்ளி வச்சு "எக்ஸிட்"னு கேபிடல் லெட்டர்ல ஒரு வெறும் ஃபைல் வச்சா போதும், அதைப் பாத்ததும் கையில இருக்குறதை எழுதி வச்சுட்டு மரியாதையா நிக்கும், திரும்ப ரீஸ்டார்ட் குடுத்தா விட்ட இடத்துல இருந்து பிடிச்சுக்கும். யுபிஎஸ் பேட்டரிக்கு மாறுன உடனே அந்த ஃபைலை வைக்கிற மாதிரி நாலு வரி ஸ்க்ரிப்ட் எழுதிட்டேன். அதுக்கப்புறம் ஒரு கணக்கும் சாகல. நான் கீழ காலேஜ்ல பாடம் எடுத்துட்டு இருப்பேன், அத்தை ஃபோன் பண்ணி "உன் பொட்டி தானா நின்னு போச்சு கண்ணு, தொடலாமா"ன்னு கேப்பாங்க.

அத்தைக்கு அந்தப் பொட்டி மேல முதல்ல கோவம் தான். இப்ப மழை ஆரம்பிச்சதுல இருந்து ஒரே பாசம். ஏன்னு போன வாரம் போனப்ப தான் தெரிஞ்சுது, அதோட பின்பக்கம் சூடா காத்து வருதுல்ல, அதுக்கு நேரா கயிறு கட்டி மாமா பனியன், துண்டு எல்லாம் காயுது. ஏற்காட்டு மழைல மூணு நாளானாலும் காயாத துணி ஒரு ராத்திரில காயுதாம். 350 வாட் ஹீட்டர் தானே. பூனை வேற மேல ஏறி படுத்திருக்கு. பூனை முடி ஃபில்டர்ல அடைக்குது, அது வேற மாசம் ஒரு தடவை சுத்தம் பண்ணணும், எழுதிக்கோங்க.

இப்ப முக்கியமான கேள்வி, வாங்குன வேலைக்கு ஆச்சா. பாதி ஆச்சு.

தண்ணி பிரிக்கிறதுக்கு ஒரு பரீட்சை இருக்கு. ஷீட்டுக்கு மேல வேக்குவம் 15, 20 ஆங்ஸ்ட்ராம் விட்டு, அந்த வேக்குவத்தை பூஜ்யமா வச்சு அளந்தா, கண்டக்ஷன் பேண்டோட (வெளிச்சம் பட்டு மேல தாவுன எலக்ட்ரான் நிக்கிற எனர்ஜி படி) அடி மைனஸ் 4.44 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல இருக்கணும், எலக்ட்ரான் வோல்ட்டுங்கறது எனர்ஜி அலகு, அப்ப தான் ஹைட்ரஜன் வரும். வேலன்ஸ் பேண்டோட (எலக்ட்ரான் தாவுறதுக்கு முன்னாடி இருந்த படி) உச்சி மைனஸ் 5.67க்கு கீழ இருக்கணும், அப்ப தான் ஆக்சிஜன். நடுவுல 1.23. இது பிஎச் பூஜ்யத்துல, பிஎச் ஒண்ணு ஏறுனா ரெண்டு கோடும் 0.059 மேல நகரும். இந்த ரெண்டு கோட்டுக்கும் வெளிய நிக்கணும், ஆனா ரொம்ப வெளிய நின்னா வெளிச்சத்தைப் பிடிக்காது. இடுப்பு அளவு எடுக்கிற மாதிரி, லூசாவும் இருக்கக் கூடாது, டைட்டாவும் இருக்கக் கூடாது.

இதுல பிபிஇன்னு ஒரு சல்லிசான முறை, இந்த மெஷினுக்கு அது தண்ணி பட்ட பாடு. ஆனா அது ரெண்டு பேண்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளியை, அதான் கேப்பு, குறைச்சுத் தான் சொல்லும். கார்பன் நைட்ரைடுக்கு நிஜத்துல 2.7, பிபிஇ 1.2 பக்கத்துல நிக்கும். எச்எஸ்இ06ங்கற இன்னும் துல்லியமான முறையைப் போட்டா 2.7 பக்கத்துல வந்துரும், ஆனா ஆளையே தின்னுரும். 14 அணுவுக்கு ஒரு ராத்திரி, அது ஓகே. 80, 90 அணு இருக்குற கோவேலன்ட் ஆர்கானிக் ஃப்ரேம்வொர்க்குக்கு (துண்டுகளைக் கோர்த்து வலை மாதிரி பின்னுன பாலிமர்) போட்டேன், 128 ஜிபியும் நிறைஞ்சு அரை மணி நேரத்துல "கில்டு"ன்னு ஒரே ஒரு வார்த்தை. நாலு தடவை அந்த வார்த்தையைப் பாத்துட்டேன். அஞ்சாவது தடவை போடல.

அதனால நான் இதை முறம் மாதிரி தான் வச்சிருக்கேன், புடைச்சு பதரைத் தள்ளுறதுக்கு. நடு வளையத்துல நைட்ரஜனே இல்லாத பென்சீனா, ஒண்ணு இருக்குற பிரிடினா, மூணு இருக்குற ட்ரையசீனா, கோர்க்குற துண்டு எது, ஓரத்துல ஃப்ளோரினா மெத்தாக்ஸியான்னு மாத்தி மாத்தி நாப்பது டிசைன் போட்டேன். வளையத்துல நைட்ரஜன் ஏற ஏற ரெண்டு பேண்டும் கீழ இறங்குது, ஆக்சிஜனுக்கு அது நல்லது, ஆனா ஹைட்ரஜன் பக்கம் மைனஸ் 4.44 கோட்டை இடிக்க ஆரம்பிக்குது. ஆனா கோடு மட்டுமே கதை இல்ல. ஜெர்மனியில பெட்டினா லோட்ச் குழு 2015லயே நைட்ரஜன் இல்லாதது, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நாலு ஃப்ரேம்வொர்க் செஞ்சு பாத்து, நைட்ரஜன் ஏற ஏற ஹைட்ரஜன் வர்றதும் கூடுதுன்னு காட்டியிருக்காங்க. என் நாப்பதுல ஏழு தேறுச்சு, பெரிய மெஷின்ல எச்எஸ்இ போட அந்த ஏழை மட்டும் அனுப்பியிருக்கேன். நாப்பதையும் அனுப்பியிருந்தா எனக்கு வரிசையே கிடைச்சிருக்காது. 52,000 ரூபாய்க்கு இது தான் கிடைக்கும், இதுக்கு மேல எதிர்பாக்காதீங்க.

இன்னும் சல்லிசா வேணும்னா பான் யுனிவர்சிட்டில க்ரிம்மே குழு செஞ்ச எக்ஸ்டிபிங்கற சாஃப்ட்வேர் இருக்கு, அதுவும் ஃப்ரீ, பாலிமரோட சின்னத் துண்டை வச்சு நிமிஷத்துல முடிச்சுரும். முதல் சல்லடைக்கு அது போதும், அதுக்கு இந்த மெஷினே அதிகம், சாதா லேப்டாப் போதும்.

அப்புறம் இந்த மெஷினும் சாஃப்ட்வேரும் சொல்றதை அப்படியே நம்பி ஆடாதீங்க. வெளிச்சம் பட்டதும் பாலிமர்ல எலக்ட்ரானும் ஹோலும் (எலக்ட்ரான் விட்டுட்டுப் போன காலி இடம்) பிறக்கும்போதே கட்டிப் பிடிச்சுகிட்டு பிறக்கும், அதைப் பிரிச்சு விடுறது தனி வேலை, அந்தக் கணக்குக்கு இந்த மெஷின் பக்கம் போயே நிக்கக் கூடாது. ஆக்சிஜன் வர நாலு ஹோல் வரிசையா வேணும், அது இன்னும் நொண்டுது, அதனால தான் பாதி பேப்பர்ல ட்ரைஎத்தனாலமீனை ஊத்தி ஹோலை அது தின்னட்டும்னு விட்டுட்டு, பிளாட்டினமும் தூவிட்டு, ஹைட்ரஜனை மட்டும் அளந்து காட்டுறாங்க. அது தண்ணியை முழுசா பிரிச்ச கணக்குல வராது. லிவர்பூல்ல கூப்பர் குழு 2019ல 170க்கு மேல பாலிமர் செஞ்சே பாத்துட்டாங்க, கேப்பு, பேண்டு, தண்ணில கலையுற தன்மைன்னு எந்த ஒரு குணத்தை மட்டும் வச்சும் எது நல்லா ஓடும்னு சொல்ல முடியல. கோடு தாண்டுனா பாஸுன்னு நினைச்சுட்டு இருந்த எனக்கு அதைப் படிச்ச அன்னிக்கு தட்டுவடை செட்டு கூட இறங்கல.

மார்க்கு: மெஷினுக்கு அஞ்சுக்கு மூணரை. கடைக்கு ரெண்டரை, அதுல ரெண்டு அந்தத் தம்பிக்கு. வாங்கப் போறவங்க பெட்டியைக் கடையிலயே தொறக்கச் சொல்லி குச்சி எந்தெந்த ஸ்லாட்டுல இருக்குன்னு எண்ணுங்க, உபுண்டு பென் டிரைவ் கொண்டு போயி அங்கயே பத்து நிமிஷம் ஃபுல் லோடுல ஓட்டி சூடு பாருங்க, "அதெல்லாம் வேண்டாம்மா"ன்னு சொன்னா கீழ இறங்கிருங்க. வாரண்டியை பில்லுக்கு முன்பக்கம் எழுதி சீல் வாங்குங்க, பேனால பின்பக்கம் எழுதுனது எனக்கு மழைல அழிஞ்சே போச்சு.

போன சனிக்கிழமை பின்பக்க ஃபேன் ஒண்ணு பூனை முடி சுத்தி நின்னு போச்சுன்னு கழட்டி எடுத்துட்டு கீழ வந்தேன். படி ஏறும்போதே அண்ணன், "டீச்சரம்மா, தண்ணி பிரிஞ்சுதா?"

"இன்னும் இல்லீங்ணா, ஃபேன் தான் பிரிஞ்சு வந்திருக்கு."

450 ரூபா வாங்கிட்டாரு. வாரண்டி கேட்டேன், தம்பி சிரிச்சுட்டே பேனாவை எடுத்தான்.